ஈயோசினை விரும்பும் அணு



தலைமையாசிரியராய் இருந்தவருக்கு, விடுப்பு விண்ணப்பங்களைப் படித்துப் படித்தே மருத்துவச் சொற்கள் பல மனப்பாடமாகிவிடும். அம்மை, மஞ்சட்காமாலை, விஷக்காய்ச்சல் என்னும் பழஞ்சொற்களோடு என் மேசைக்கு அடிக்கடி வந்து சேர்ந்த மற்றொரு சொல் 'இஸ்னோபீலியா'. ஒருவர் 'இசினோபிலியா' என்று எழுதுவார். மற்றொருவர் 'ஈசனோபிலியா' என்று எழுதி அனுப்புவார். ஈசனுக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று சொல்லிச் சிரித்ததுண்டு. ஆயினும் எழுதியவரைக் குறைகூற இயலாது. நம் நாட்டில் இருமலாலும் இரைப்பாலும் இரவில் உறக்கமிழந்த குடும்பம் எதுவாயினும், இச்சொல்லை ஒருமுறையேனும் கேட்டிருக்கும். இச்சொல்லுக்குப் பின்னே நிற்கும் அணுவைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். மூச்சுக்குழலிலும் உணவுக்குழலிலும் நேரும் அழற்சியில் அவ்வணுவுக்குள்ள பங்கு யாது? அது குற்றவாளியா, காவலனா, அன்றி வெறும் சாட்சியா? இவ்வழக்கு நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகின்றது.

முதலில் பெயரின் பிறப்பைக் கேளுங்கள். நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயங்களை வடித்தெடுக்கக் கற்றுக்கொண்ட காலம் அது. துணிக்கு ஏறும் சாயம் உயிரணுக்களுக்கு ஏறாதா என்று எண்ணினார் ஜெர்மானிய இளைஞர் பால் எர்லிக். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பி, உலர்த்தி, ஈயோசின் என்னும் செஞ்சாயத்தில் தோய்த்து நுண்பெருக்கியின் அடியில் வைத்தார். வெள்ளணுக்களுள் பெரும்பாலானவை அச்சாயத்தை ஏற்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அணுக்கள் மட்டும், உள்ளே மாதுளை முத்துகளை அடைத்து வைத்தாற்போலச் சிவந்து ஒளிர்ந்தன. 1879ஆம் ஆண்டில் அவற்றிற்கு 'ஈயோசினோபில்' என்று பெயரிட்டார். ஈயோசினை விரும்புவது என்பது அதன் பொருள். அப்போது எர்லிக்கின் அகவை ஏறத்தாழ இருபத்தைந்து. குருணை நிறைந்த வெள்ளணுக்களை 1846இலேயே வார்ட்டன் ஜோன்ஸ் என்பவர் கண்டு எழுதியிருந்தார். ஆனால் சாயம் ஏறிய பின்னரே அவற்றை இனம்பிரித்து எண்ண முடிந்தது. எண்ணத் தொடங்கிய பின்னர்தான் மருத்துவர்க்கு அவற்றால் பயன் விளைந்தது.

நலமுள்ள ஒருவரின் இரத்தத்தில், ஒரு கன மில்லிமீட்டருக்கு இவ்வணுக்கள் பெரும்பாலும் 500க்கு மேற்படா. அத்தொகை மிகுவதற்கே ஈயோசினோபிலியா என்று பெயர். ஆகவே அது நோயின் பெயரன்று. ஓர் எண்ணிக்கையின் பெயர். பள்ளி வாயிலில் கூட்டம் மிகுந்துள்ளது என்று காவலர் வந்து சொன்னால், விழாவுக்கு வந்த கூட்டமா, சண்டைக்கு வந்த கூட்டமா என்று நாம் கேட்கவேண்டுமன்றோ? குடற்புழு, ஒவ்வாமை, சில மருந்துகள், சில இரத்த நோய்கள் எனக் காரணங்கள் பலவாகும். இது தெரியாமல் 'எனக்கு இஸ்னோபீலியா' என்று சொல்லிக்கொண்டு, அண்டைவீட்டார் உண்ட மாத்திரையைத் தாமும் வாங்கி உண்பவர் நம்மிடையே பலர் உளர்.

இனி அழற்சி என்பதைப் பார்ப்போம். அழல் என்றால் நெருப்பு. சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், வலித்தல் ஆகிய நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக உரோம நாட்டுச் செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே குறித்து வைத்தார். தோலில் முள் தைத்தால் இந்நான்கையும் கண்ணால் காணலாம். மூச்சுக்குழலிலோ குடலிலோ நேரும்போது காண இயலாது. இருமலாகவும் இரைப்பாகவும் வயிற்றுவலியாகவும் கழிச்சலாகவுமே அது வெளிப்படும்.

இவ்விரு குழல்களையும் ஒருங்கே பேசுவது ஏன் என்று உங்களுள் சிலர் கேட்கலாம். தாயின் கருவில் நான்காம் வாரத்தில், முன்குடலின் முன்புறச் சுவரில் ஒரு சிறு மொட்டு அரும்புகின்றது. அம்மொட்டே நீண்டு கிளைத்து மூச்சுக்குழலும் நுரையீரலும் ஆகின்றது. குடலின் கிளையே நுரையீரல் என்றால் அது மிகையாகாது. தொழிலிலும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. குழலின் உட்புறம் நம் உடலுக்குள்ளே இருப்பதுபோல் தோன்றினும், உண்மையில் அது வெளியுலகின் தொடர்ச்சியே ஆகும். வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கின்றார். அதிலே தூசும் மகரந்தமும் பூஞ்சை விதைகளும் கிருமிகளும் கலந்துள்ளன. குடலிலோ அயலுயிரின் உடலையே நாம் மூன்று வேளையும் அனுப்பி வைக்கின்றோம். அங்கே தங்கி வாழும் நுண்ணுயிர்களோ எண்ணிலடங்கா. தோலைப்போல் தடித்த மதில் இவ்விடங்களுக்கு ஆகாது. தடித்தால் காற்றும் சத்தும் உட்புகா. எனவே மதில் மெலிந்தும், மதிலுக்குப் பின்னே காவல் மிகுந்தும் அமைந்திருக்கின்றன. அக்காவலர் எதனை எதிர்ப்பது, எதனைப் பொறுப்பது என்று ஒவ்வொரு கணமும் முடிவுசெய்ய வேண்டும். அம்முடிவு பிறழ்வதே ஆஸ்த்மா முதலிய நோய்களின் அடிப்படை.

இதற்குத் தென்னாட்டிலேயே நடந்த ஒரு வரலாறு உண்டு. மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் என்னும் இடத்தில் ஒரு காசநோய் மருத்துவமனை இருந்தது. இன்று அவ்விடம் ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்தது. அந்நாளில் சென்னை மாகாணத்தின் பகுதி. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். ஓய்வும் நல்ல காற்றும் சத்துணவுமே சிகிச்சை. நோயாளிகள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வீட்டைவிட்டுப் பிரிந்து அங்கே தங்கினர். அங்கு வந்தவருள் சிலரிடம் ஒரு புதுமை காணப்பட்டது. இருமல் உண்டு, உடல் மெலிவு உண்டு, எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் முழுதும் புள்ளிகளும் உண்டு. ஆனால் சளியை எத்தனை முறை ஆராய்ந்தாலும் காசக் கிருமி இல்லை. இரத்தத்திலோ ஈயோசினோபில் அணுக்கள் பெருகிக் கிடந்தன. டென்மார்க் நாட்டினரான மருத்துவர் ஃபிரிமொத்-மொல்லரும் அவருடைய துணைவர் பார்ட்டனும் 1940இல் இதனைப் 'பொய்க்காசம்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டு, இந்திய மருத்துவ இதழொன்றில் எழுதினர். அந்நாளில் க்ஷயம் என்று ஒருவருக்குப் பெயர் சூட்டப்படுதல் எத்தகைய தண்டனை என்பதை இன்றைய மாணவர் அறியமாட்டீர். திருமணம் தடைப்படும், வேலை போகும், உண்ணும் தட்டும் தனியே வைக்கப்படும். அப்பெயரிலிருந்து ஒருவரை விடுவிக்க, அக்காலத்தில் ஒரு துளி இரத்தமும் செஞ்சாயமும் போதுமாயின என்பதை எண்ணிப் பாருங்கள்.

1943இல் வைன்கார்ட்டன் என்னும் மருத்துவர் இதற்கு 'வெப்பமண்டல ஈயோசினோபிலியா' என்று பெயரிட்டார். ஆர்சனிக் கலந்த ஊசிமருந்து பயன்படுவதாகவும் எழுதினார். மருந்து கிடைத்ததேயன்றிக் காரணம் கிடைக்கவில்லை. பின்னர், யானைக்கால் நோய்ப் புழுவுக்கான டைஎத்தில்கார்பமசின் என்னும் மாத்திரை இந்நோயையும் விரைந்து தணிப்பதை மருத்துவர்கள் கண்டனர். பூட்டைத் திறந்த சாவியைக் கொண்டு பூட்டின் அமைப்பை ஊகிப்பதுபோல, புழுவே காரணமாகலாம் என்ற ஐயம் வலுத்தது. ஆயினும் நோயாளியின் இரத்தத்தில் அப்புழுவின் குஞ்சுகள் இல்லையே! யானைக்கால் புழுவின் குஞ்சுகள் நள்ளிரவில் புற இரத்தத்தில் உலவுபவை. பகலில் நுரையீரலின் நாளங்களில் ஒதுங்குபவை. இந்நோயாளிகளின் இரத்தத்தில் இரவிலும் அவை தென்படவில்லை. 1960ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் என்னும் மூவரும், நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணக்கணு ஆகியவற்றிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து ஆராய்ந்து, தேடிய குஞ்சுகள் அங்கே சிக்கிக் கிடப்பதைக் காட்டினர்.

இதன் பொருளைக் கூர்ந்து நோக்குங்கள். ஒரே தெருவில் வாழும் இருவரை ஒரே கொசு கடிக்கின்றது. ஒருவரின் உடல் புழுவைப் பொறுத்துக்கொள்கின்றது. குஞ்சுகள் இரத்தத்தில் உலவுகின்றன, அவர் நெடுநாள் ஒன்றும் அறியாமலே இருக்கின்றார். மற்றவரின் உடலோ கடுஞ்சினங்கொண்டு, குஞ்சுகளை நுரையீரலிலேயே மடக்கி அழிக்கின்றது. புழு அழிந்தது, மெய்தான். ஆனால் போர் நடந்த இடம் நுரையீரல் அன்றோ? இரண்டாமவரைப் படுக்கையில் கிடத்துவது புழுவின் கொடுமையினும் அதனை எதிர்த்த படையின் கொடுமையே. 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சென்னை நோயாளிகளின் நுரையீரல் நுனிவரை உப்புநீர் செலுத்தி, கழுவிய நீரில் உள்ள அணுக்களை எண்ணினர். கடும்நிலையில் இருந்தவர்களிடம் அவற்றுள் ஏறத்தாழப் பாதி ஈயோசினோபில் அணுக்களாக இருந்தன. நலமுள்ளவரின் நுரையீரலில் அவை காண்டற்கரியன.

அவ்வணு எதனைக் கொண்டு போரிடுகின்றது? எர்லிக் கண்ட சிவந்த குருணைகளே அதன் படைக்கலம். விழுங்க முடியாத பெரும்பகைவனாகிய புழுவின்மீது அது ஒட்டிக்கொண்டு, குருணைகளில் உள்ள புரதங்களைக் கக்கும். அவற்றுள் தலையாயது காரத்தன்மை மிக்க ஒரு புரதம். 1970களில் அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஜெரால்ட் கிளைக் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் அதனைப் பிரித்தெடுத்தனர். அது புழுவின் தோலைச் சிதைப்பது போலவே மூச்சுக்குழலின் உட்படலத்தையும் சிதைப்பதைப் பின்னர்க் கண்டறிந்தனர். ஆஸ்த்மா நோயாளியின் சளியிலும் அதே புரதம் மிகுந்திருந்தது. அங்கே புழு எதுவும் இல்லை; மகரந்தமோ தூசிப்பூச்சியின் கழிவோதான் இருந்தது. எதிரியில்லாத களத்திலே எரிந்துகொண்டிருந்தது, புழுவுக்கென மூட்டிய தீ.

அத்தீயை மூட்டுவோர் யாவர் என்பதை விரைந்து சொல்லிச் செல்கின்றேன். டி அணுக்களுள் ஒருவகை, இன்டர்லூகின் எனப்படும் சிறு புரதங்களைத் தூதாக விடுக்கின்றது. இன்டர்லூகின்-4 என்பதன் ஏவலால் பி அணுக்கள் ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புப் பொருளை ஆக்குகின்றன. இப்பொருளை 1966இல் கண்டறிந்தோர் ஜப்பானியத் தம்பதியராகிய கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும். அமெரிக்காவின் டென்வர் நகரில் பணியாற்றிய அவர்கள், தம் தோலிலேயே ஊசியிட்டுச் சோதித்தவர்கள். ஐ.ஜி.இ. போய்ப் படியும் இடம் மாஸ்ட் அணு. அது வெடித்து ஹிஸ்டமின் முதலியவற்றை வெளியிட, மூச்சுக்குழல் சுருங்குகின்றது. மற்றொரு தூதாகிய இன்டர்லூகின்-5, எலும்பு மச்சைக்குச் சென்று ஈயோசினோபில் அணுக்களைப் பெருக்கி அனுப்பச் சொல்கின்றது. டி அணுவின் உதவியின்றியே இதே தூதுகளை விடுக்கும் வேறோர் அணுக்கூட்டம் உண்டு என்பது 2010இல் தெரியவந்தது.

இன்டர்லூகின்-5 என்னும் தூதனை வழியிலேயே மறித்துவிட்டால்? ஈயோசினோபில் குறையும், ஆஸ்த்மா தணியும். இதனினும் நேரான தருக்கம் ஒன்று இருக்க முடியுமா? அவ்வாறு மறிக்கவல்ல மெபோலிசுமாப் என்னும் எதிர்ப்புப் பொருள் உருவாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் மெல்லிய ஒவ்வாமை ஆஸ்த்மா உடைய 24 பேரிடம் செய்த சோதனை வெளியாயிற்று. இரத்தத்திலும் சளியிலும் அணுக்கள் குறைந்தன. ஆனால் ஒவ்வாத பொருளை முகரச் செய்தபோது மூச்சுக்குழல் முன்போலவே சுருங்கியது. 2007இல் 362 நோயாளிகளிடம் செய்த பெருஞ்சோதனையின் முடிவு வந்தது. அதிலும் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் காணப்படவில்லை. 'ஈயோசினோபில் ஆஸ்த்மாவுக்குக் காரணமன்று. களத்தில் நின்றிருந்த வெறும் சாட்சியே' என்று பேசினர் பலர். வழக்கு முடிந்ததுபோல் தோன்றிற்று.

அதற்கு முன்பே கனடாவில் ஹாமில்டன் நகரிலும், இங்கிலாந்தில் லெஸ்டர் நகரிலும் சிலர் அருவருப்பான ஒரு வேலையைப் பொறுமையோடு செய்துவந்தனர். உப்புநீர் ஆவியை நோயாளிக்குப் பிடிக்கச் செய்து, சளியை உமிழச் செய்து, அதனைக் கரைத்துச் சாயமேற்றி, ஒவ்வோர் அணுவாக எண்ணும் வேலை அது. எண்ணியபோது ஒன்று தெளிவாயிற்று. ஆஸ்த்மா என்பது ஒரே நோயன்று. இரைப்பு ஒன்றாயினும், சிலருடைய சளியில் ஈயோசினோபில் நிறைந்துள்ளது. சிலருடைய சளியில் அறவே இல்லை. 2002இல் லெஸ்டர் மருத்துவர்கள் 74 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வழக்கம்போல் அறிகுறிகளைக் கேட்டு மருந்தளித்தனர். மறு பிரிவினர்க்குச் சளியிலுள்ள அணுக்களை எண்ணி அதற்கேற்ப மருந்தளித்தனர். ஓராண்டில் முதற்பிரிவில் நேர்ந்த கடுந்தாக்குதல்கள் 109. மறு பிரிவில் 35.

கைவிடப்பட இருந்த மருந்தை இவ்விரு ஊரினரும் மீண்டும் எடுத்தனர். இம்முறை கண்டவர்க்கெல்லாம் கொடுக்கவில்லை. வழக்கமான மருந்துகளை உண்டும் அடங்காமல், சளியில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் ஈயோசினோபில் உடையவராகத் தேர்ந்து கொடுத்தனர். மற்றொரு மாற்றமும் செய்தனர். 'இன்று எவ்வளவு இரைக்கின்றது?' என்பதினும் 'இவ்வாண்டு எத்தனை முறை கடுந்தாக்குதல் வந்தது?' என்பதையே தலையாய கேள்வி ஆக்கினர். 2009இல் இரு முடிவுகளும் வெளியாயின. லெஸ்டரில் 61 நோயாளிகளிடம் ஓராண்டு நடந்த சோதனையில், மருந்து பெற்றவர்க்கு ஆளுக்குச் சராசரி 2.0 தாக்குதல், வெறும் மருந்து பெற்றவர்க்கு 3.4. ஹாமில்டனில் 20 பேரே பங்கு கொண்டனர். பிரெட்னிசோன் மாத்திரையின்றி நாள் கழிக்க முடியாதவர்கள் அவர்கள். மருந்து பெற்றவர்கள் பெரும்பாலும் தாக்குதலுக்கு ஆளாகாமலே அம்மாத்திரையைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. நீண்டநாள் பிரெட்னிசோன் உண்பவர்க்கு எலும்பு தேய்வதும் முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் அறிந்தவர்க்கே இதன் அருமை விளங்கும். 2015இல் அமெரிக்க அரசு அம்மருந்தை ஏற்றது.

ஆசிரியத் தொழிலில் இருந்தவனுக்கு இது எளிதில் விளங்கும். நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் கண்பார்வை குறைந்தவர் ஐவர் என்று கொள்ளுங்கள். நாற்பதின்மருக்கும் மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டுத் தேர்வு வைத்தால், வகுப்பின் சராசரி மதிப்பெண் உயருமா? உயராது, தாழவும் கூடும். அதனைக் கண்டு, கண்ணாடியால் பயனில்லை என்று ஒருவர் அறிக்கை எழுதினால் அவருடைய கணக்கில் பிழையிராது. ஐவர் மட்டும் கரும்பலகை தெரியாமல் தவித்துக்கொண்டே இருப்பர். இதனால் எல்லோரும் இப்புது மருந்தை நாடவேண்டும் என்று எவரும் கொள்ளலாகாது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்தே பெரும்பாலான ஆஸ்த்மா நோயாளிகளுக்கு இன்றும் முதன்மையானது. அதனைக் கண்டு அஞ்சி மறைத்து வைக்கும் பெற்றோரையே நான் மிகுதியும் கண்டிருக்கின்றேன்.

இடையே ஒரு சிறு செய்தி. ஆஸ்த்மா நோயாளியின் சளியில், இருபுறமும் கூர்த்த ஊசிபோன்ற பளிங்குத் துண்டுகள் கிடப்பதுண்டு. 1853இல் பிரான்ஸ் நாட்டுச் சார்க்கோவும், 1872இல் ஜெர்மானியர் லைடனும் அவற்றை விவரித்தனர். அவர்கள் பெயராலேயே அவை வழங்குகின்றன. ஈயோசினோபில் அழியும்போது வெளிப்படும் ஒரு புரதம் இறுகியதே அப்பளிங்கு என்பது பின்னர்த் தெரிந்தது. நூற்றைம்பது ஆண்டுகள்வரை அதனைப் போர்க்களத்துக் குப்பை என்றே எண்ணியிருந்தனர். 2019இல் பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் நகர ஆய்வாளர்கள், அப்பளிங்கே எலியின் நுரையீரலில் அழற்சியை மூட்டுவதையும், தக்க எதிர்ப்புப் பொருளால் அது கரைவதையும் காட்டினர்.

இனிக் குடலுக்கு வருவோம். மூச்சுக்குழலில் ஈயோசினோபில் அழையா விருந்தாளி. இரைப்பை முதல் பெருங்குடல் வரை அது நிலையான குடியாகும். பிறவாத எலிக்குஞ்சின் குடலிலும், நுண்ணுயிர் படாமல் வளர்த்த எலியின் குடலிலும்கூட அது காணப்படுகின்றது. ஆகவே கிருமியைக் கண்டு ஓடி வந்ததன்று. அங்கேயே பணி உள்ளது. இவ்வளவு அணுக்கள் நிறைந்தும் குடல் ஏன் எரிவதில்லை? காவலரை அடக்கும் காவலர் உண்டு என்பதே விடை. 1993இல் அமெரிக்காவில் பணியாற்றிய ஃபியோனா பவ்ரி என்னும் ஆங்கிலப் பெண்மணியும் அவருடைய துணைவரும், எதிர்ப்பாற்றல் அற்ற எலிகளுக்கு ஒருவகை டி அணுக்களை மட்டும் செலுத்தினர், குடல் புண்ணாயிற்று. மற்றொரு வகை டி அணுக்களையும் உடன் செலுத்தினர், புண் வரவில்லை. அவ்வடக்கும் அணுக்களை 1995இல் தெளிவாக இனங்காட்டிய ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்கர் இருவருடன் 2025ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்.

குடலழற்சியில் குற்றவாளியைப் பிடிப்பது எளிதன்று. குரோன் நோய் என்னும் கொடிய குடலழற்சியில் இன்டர்லூகின்-17 என்னும் தூதன் மிகுந்திருப்பதைக் கண்டு, அதனை மறிக்கும் மருந்தை 59 நோயாளிகளிடம் சோதித்தனர். தோல் நோயாகிய சோரியாசிசுக்கு நற்பயன் தந்த மருந்து அது. 2012இல் வெளியான முடிவோ தலைகீழாயிற்று. குடலில் அது பயன் தராததோடு, தீங்கும் மிகுந்தது. தோலில் தீ வைத்தவனே குடலில் மதிலைப் பழுதுபார்ப்பவனாக இருந்திருக்கின்றான்.

ஈயோசினோபில் வழக்குக்குக் குடலில் ஒரு தனி மன்றமும் அமைந்தது. வாய்க்கும் இரைப்பைக்கும் இடையிலுள்ள உணவுக்குழலில் மட்டும் அவ்வணு இயல்பாகக் குடியிருப்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும், விழுங்கிய சோறும் இறைச்சியும் தொண்டைக்குக் கீழே சிக்கி நிற்க அவதியுற்றவர் சிலரின் உணவுக்குழலில் அது நிறைந்திருப்பதைக் கண்டு, அதனைத் தனி நோயாக எழுதினர். நுண்பெருக்கியின் உயர்பெருக்கப் பார்வைப் பரப்பு ஒன்றில் 15 அணுக்கள் இருந்தால் அந்நோய் என்று கொள்வது இன்றைய வழக்கம். 1995இல் பத்துக் குழந்தைகளுக்கு வழக்கமான உணவை நிறுத்தி, அமினோ அமிலங்களால் ஆன கலவையை மட்டும் ஊட்டியபோது, நோய் தணிந்து அணுக்களும் குறைந்தன. பால், கோதுமை முதலிய உணவுப் பொருள்களே தூண்டுகோல் என்பது இதனால் வெளிப்பட்டது.

ஆஸ்த்மாவில் வென்ற முறையை இங்கும் கையாண்டால் என்ன? ஈயோசினோபில் அணுவையே அறவே ஒழிக்கும் பென்ராலிசுமாப் என்னும் மருந்தை இந்நோயாளிகளிடம் சோதித்தனர். முடிவு 2024இல் வெளிவந்தது. மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 87 பேரின் உணவுக்குழலில் அணுக்கள் பெரிதும் குறைந்தன. வெறும் மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 6 பேரிடமே அவ்வாறு நேர்ந்தது. படைத்தலைவர்க்கு இதனினும் சிறந்த வெற்றி ஏது? ஆனால் 'விழுங்குவது எளிதாயிற்றா?' என்று நோயாளிகளைக் கேட்டபோது இரு சாராரின் விடையிலும் வேறுபாடு இல்லை.  மாறாக, இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 என்னும் தூதர் இருவரையும் மறிக்கும் டுபிலுமாப் என்னும் மருந்து, அணுக்களையும் குறைத்து விழுங்குதலையும் எளிதாக்கி, 2022இலேயே ஏற்கப்பட்டிருந்தது.

மாணவ நண்பர்களே, இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே அணு, ஒரே கருமொட்டில் பிறந்த இரு குழல்கள். மூச்சுக்குழலில், தேர்ந்தெடுத்த நோயாளியிடம், அவ்வணுவைக் குறைத்தால் தாக்குதல் குறைகின்றது. உணவுக்குழலில் பெரிதும் ஒழித்தாலும் துன்பம் நீங்குவதில்லை. உணவுக்குழலின் உட்படலம் தளர்ந்து, அதன் சுவர் தழும்பேறித் தடிப்பதற்கு வேறு கைகள் உண்டு என்று ஆய்வாளர்கள் இப்போது கருதுகின்றனர். அவர்கள் ஐயத்தோடு நோக்கும் அணுக்களுள் ஒன்று, அக்குழலின் சுவரில் எண்ணிக்கை மிகுந்து காணப்படும் மாஸ்ட் அணு. அதற்குப் பெயரிட்டவரும் பால் எர்லிக்கே. ஈயோசினோபிலைக் காண்பதற்கு ஓராண்டு முன், 1878இல், லைப்சிக் நகரில் மாணவராக இருந்தபோது அதன் பருத்த வடிவைக் கண்டு, நன்றாக உண்டு கொழுத்த அணு என்று நினைத்து அப்பெயரைச் சூட்டினார்.